மலையிலிருந்து இறங்கும் கலை

திருவண்ணாமலையில் வாழும் நமக்கு மலை என்பது ஏறுதற்கு உரியது. கார்த்திகைத் தீபத்தின்போது கொப்பரையையும் நெய்யையும் தோளிற் சுமந்து, 2,668 அடி உயரத்து உச்சியை அடைகின்றனர் நம்மவர். ஆனால், மலையினின்று விரைந்து இறங்குவதையே அரியதொரு கலையாகப் பயில்வோரும் உலகில் உளர். பனிச்சறுக்கு வீரர்களே அவர்கள்.

சறுக்குக் கட்டைகளைக் காலிற் பூட்டி, பனிச்சரிவில் நட்ட கம்பங்களினூடே வளைந்து வளைந்து பாய்தல் வேண்டும். ஒரு வாயிலைத் தவறவிட்டாலும் போட்டியினின்று விலக நேரிடும். இருமுறை இறங்கிய நேரங்களைக் கூட்டி வெற்றியைத் தீர்மானிப்பர். விநாடியின் நூறில் ஒரு பங்கும் அங்கே கணக்கில் வரும்.

குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் முதன்முதல் கலந்துகொண்டவர் ஜெரமி புஜகோவ்ஸ்கி. 1964-இல் இன்ஸ்புருக்கிலும், 1968-இல் கிரெனோபிளிலும் அவர் சறுக்கினார். அவ்வழியில் பின்னர் வந்தவர் காஷ்மீரத்து ஆரிஃப் கான். 1990-இல் பிறந்த இவர், இளமையிலேயே சறுக்கப் பயின்ற இடம் குல்மார்க். நம் மலையுச்சியைவிட மும்மடங்குக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது அவ்வூர். தந்தையார் அங்கே சறுக்குக் கருவிக் கடை வைத்திருந்தார். 2011-இல் நடந்த தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளில் ஆரிஃப் இரு தங்கப் பதக்கங்கள் வென்றார். எனினும், பயிற்சிக்கும் பயணத்திற்கும் வேண்டிய பொருள் போதாமையால் 2018-ஆம் ஆண்டு ஒலிம்பிக் வாய்ப்பு அவர் கைநழுவியது. அவர் மனம் தளரவில்லை. 2022-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்றார். நம் நாட்டின் ஒரே போட்டியாளரும் அவரே.

'ஜெயண்ட் ஸ்லாலம்' போட்டி நாளன்று பனி கொட்டியது. பாதை சரிவரத் தெரியவில்லை. பலர் பாதியிலே விலகினர். ஆரிஃப் இரு சுற்றுகளையும் முடித்து 45-ஆம் இடம் பெற்றார். மூன்று நாள் கழித்து நடந்த 'ஸ்லாலம்' போட்டியில் அவரால் இறுதிவரை செல்ல இயலவில்லை.

முதலிடம் பெற்ற சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட் அவரைவிடச் சுமார் 38 விநாடி முந்தியிருந்தார். அந்த 38 விநாடி எதனால் ஆயிற்று? ஆல்ப்ஸ் மலைநாடுகளில் சிறுவர்க்குச் சரிவும் ஆசிரியரும் அருகிலேயே உண்டு. கோடையிலும் பனியாறுகளில் பயில்வர். குல்மார்க்கிலோ பனிப்பருவம் சில மாதங்களே. எஞ்சிய காலம் பயில அயல்நாடு செல்லவேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டும். ஆதலின் அவ்விடைவெளியை ஒருவரது திறமைக் குறைவென்று மட்டும் கருதலாகாது.

தீபத்தன்று ஊரார் காண்பது சுடரை மட்டுமே. கொப்பரை சுமந்து மலையேறியோரை எவரும் எண்ணுவதில்லை. விளையாட்டு வரலாற்றைப் படிக்கும் மாணவர், பதக்கம் பெற்றோரோடு 45-ஆம் இடம் பெற்றவரையும் நினைவிற் கொள்வாராக.