வாக்கின் எடை: ஸ்டீம் தளத்தின் நான்கு ஆண்டுகள்

எழுத்தின் தரத்தை எடைபோடுவது யார் என்பது இலக்கியத்தில் பழைய வழக்கு. எடைபோடுபவரின் கையிருப்பையே எடைக்கல்லாக்கிய சோதனை ஒன்று 2016-இல் தொடங்கியது. நெட் ஸ்காட், டான் லாரிமர் ஆகிய இருவரும் அவ்வாண்டு மார்ச்சில் உருவாக்கிய ஸ்டீம் என்னும் பிளாக்செயினையே குறிப்பிடுகிறோம். அதன் மீது எழுந்த ஸ்டீமிட் தளத்தில் எழுதியவருக்கு நாணயம் கிடைக்கும். நல்லதை இனங்கண்டு வாக்களித்தவருக்கும் அதில் பங்கு உண்டு. முதல் ஊதியம் ஜூலை 4 அன்று வழங்கப்பட்டது.

ஆளுக்கொரு வாக்கு என்று வைத்தால் ஒருவரே நூறு பெயர்களில் வந்து குவித்துவிடுவார். ஆகவே உடனே விற்க இயலாதபடி பூட்டிவைத்த நாணயத்தின் அளவே வாக்கின் எடையாயிற்று. அதுவும் வர்க்கக் கணக்கில்: ஒரு பதிவுக்கு விழும் எடை பத்து மடங்கானால் ஊதியம் நூறு மடங்காகும். தனக்கே வாக்களித்துக்கொள்ளும் சிறு சுயநலம் இதனால் பயனற்றுப் போகும் என்று நம்பினார்கள். நாம் நன்கறிந்த நண்டுக் கதை அவர்களது வெள்ளை அறிக்கையிலும் வருகிறது. தனியே தப்ப முயலும் நண்டை மற்றவை இழுத்துப் போடுவது இங்கே நன்மையே என்கிறது அவ்வறிக்கை! கதை தலைகீழானதை ரசிக்கலாம். ஆனால் இழுக்க முடியாத அளவு பெரிய நண்டுகள் இருந்தனவே. ‘திமிங்கிலங்கள்’ எனப்பட்ட சிலரது ரசனையே முகப்பை நிரப்பியது.

2017 ஜூனில் நேர்விகிதக் கணக்கு வந்தது. எளியவர் வாக்குக்கும் சில காசு மதிப்புக் கிட்டியது. கூடவே, வாக்கை ஏலம் விடும் தானியங்கி நிரல்கள் பெருகின. எழுதியவர் காசு கொடுத்து வாக்கு வாங்கினார். படிப்பதற்கு எவரும் தேவைப்படவில்லை. 2019 ஆகஸ்டில், வாக்களிப்போர் பங்கைக் கால்வாசியிலிருந்து பாதியாக உயர்த்தி, எதிர்வாக்குக்கும் தனி ஒதுக்கீடு தந்தார்கள். கூலி உயர்ந்தால் வாசிப்பு உயரும் என்பதில் நமக்கு நம்பிக்கையில்லை.

2020 பிப்ரவரியில் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். ஆரம்ப நாட்களில் நிறுவனம் தனக்கெனத் தோண்டியெடுத்த பெருமிருப்பும் அவர் கைக்கு வந்தது. அதைக் கொண்டு வாக்களிப்பதில்லை என்பது நிறுவனத்தின் பழைய வாக்குறுதி. அது மீறப்படலாம் என்றஞ்சிய ‘சாட்சிகள்’, அதாவது பிளாக்செயினை நடத்த வாக்கால் தேர்வாகும் முதல் இருபது பேர், அவ்விருப்பை முடக்கினர். மார்ச் 2 அன்று பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் ஆகிய பரிமாற்ற நிலையங்கள் வாடிக்கையாளர் ஒப்படைத்திருந்த நாணயங்களையே பூட்டி வாக்களித்தன. இருபது பேரும் பதவியிழந்தனர். நாணயம் ஒருவருடையது, வாக்கு இன்னொருவருடையது!

மார்ச் 20 அன்று ஒரு சாரார் பிரிந்து ஹைவ் என்னும் தனிச் சங்கிலியைத் தொடங்கினர். மற்றவர்களின் இருப்பைப் புதிய சங்கிலியில் வழங்கியவர்கள், ஸ்டீமிட் நிறுவனத்துக்கும் அதன் ஆதரவாளர் சிலருக்கும் மறுத்தனர். இச்செயலையும் நம்மால் முழுமனதோடு பாராட்ட இயலவில்லை. மே 20 அன்று ஸ்டீம் பக்கத்திலிருந்து பதிலடி வந்தது: 64 கணக்குகளிலிருந்து ஏறத்தாழ 2.36 கோடி நாணயங்கள் பறிக்கப்பட்டு ஒரே கணக்கில் சேர்க்கப்பட்டன. பெயர் தெரியாத ஒருவர் அக்கணக்கிலிருந்து அவற்றை உடனே பிட்ரெக்ஸ் நிலையத்துக்கு அனுப்பி, இவை திருடப்பட்டவை, உரியவர்களிடம் திருப்பித் தருக என்று குறிப்பும் எழுதிவைத்தார்.