பழைய மேட்ச் விவரம் பந்தயத்தை ஜெயித்துத் தருமா?



சென்ற வாரம் பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான். "சார், பத்து வருஷத்து மேட்ச் விவரங்களை எக்செல்லில் ஏற்றி வைத்திருக்கிறேன். நாலு மேட்ச் முடிவைச் சேர்த்து ஒரே பந்தயமாகச் சம்பளப் பணத்தைக் கட்டினால் ஜெயிக்கலாம்தானே?"

நாலும் பலித்தால் பெருந்தொகை. ஒன்று தவறினாலும் எல்லாம் போச்சு. அமெரிக்காவில் இதைப் 'பார்லே' என்பார்கள். பழைய விவரங்களைக் கொண்டு இப்படி உண்மையிலேயே ஜெயித்த ஒருவரின் வரலாற்றைச் சொன்னால் அவனுக்குப் பதில் கிடைத்துவிடும்.

அவர் பில் பென்டர், அமெரிக்கர். லாஸ் வேகாஸில் சீட்டுகளை எண்ணி விளையாடியதால் சூதாட்ட விடுதிகள் அவரைத் தடை செய்தன. 1980களின் நடுவில் ஆலன் வுட்ஸ் என்ற ஆஸ்திரேலியரோடு ஹாங்காங் போனார். அங்கே குதிரைப் பந்தயத்துக்கு ஹாப்பி வேலி, ஷா டின் என இரண்டே மைதானங்கள். அதே குதிரைகளும் அதே ஜாக்கிகளும் திரும்பத் திரும்ப மோதுவதால் விவரங்கள் சுத்தமாகக் கிடைத்தன. கட்டும் பணமெல்லாம் ஒரே தொகுப்பில் சேரும். கிளப் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துத் தரும். எனவே பென்டர் முந்த வேண்டியது கிளப்பை அல்ல, பணம் கட்டும் மற்றவர்களை.

ஒவ்வொரு குதிரையும் முன்பு எத்தனையாவதாக வந்தது, எவ்வளவு எடை சுமந்தது என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதன் வாய்ப்பைக் கணக்கிட்டார். முதல் சீசனிலேயே முதலில் பெரும்பகுதி கரைந்துபோனது!

பிறகுதான் ஓர் உண்மை பிடிபட்டது. பணம் கட்டும் கூட்டத்துக்கு அவருடைய கம்ப்யூட்டருக்குத் தெரியாத சங்கதிகளும் தெரியும். ஆகவே கூட்டம் நிர்ணயித்த விலையையும் தன் கணக்கில் சேர்த்தார். அந்த விலை தவறு என்று கணக்கு காட்டிய இடத்தில் மட்டும், கையிருப்பில் சிறு பங்கைக் கட்டினார். பணம் குவிந்தது. 1994-இல் தன் முறையைக் கட்டுரையாகவே எழுதினார்.

2001-இல் 'டிரிபிள் டிரையோ' பந்தயத்தில் ஜெயித்தார். மூன்று ஓட்டங்களில், ஒவ்வொன்றிலும் முதல் மூன்று இடம் பிடிக்கும் குதிரைகளைச் சொல்ல வேண்டும். ஓட்டத்துக்கு 12 குதிரை என்றால் ஒன்றுக்கு 220 வழி. மூன்றையும் பெருக்கினால் 1,06,48,000 வழி. யாரும் ஜெயிக்காமல் முந்தைய பரிசுப் பணம் சேர்ந்து வீங்கியிருந்ததால்தான் அதில் இறங்கினார். அதுவும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட சேர்க்கைகளை வாங்கி!

இப்போது நம் பையனின் கணக்கு. ஒவ்வொரு மேட்ச்சையும் நூற்றுக்கு 60 முறை சரியாகச் சொல்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். நாலும் சேர்ந்து பலிப்பது நூற்றுக்கு 13 முறைதான். இன்னொன்று, சரிசமமான மேட்ச்சுக்கு நியாயமாக ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் தர வேண்டும். பந்தயக்காரர் 1.90தான் தருகிறார் என்றால், நூறு ரூபாய்க்குச் சராசரியாக 95 திரும்பும். அப்படி நாலைப் பெருக்கினால் திரும்புவது 81தான். ஐந்து ரூபாய் நஷ்டம் பத்தொன்பது ஆகிவிட்டது. சேர்க்கச் சேர்க்கப் பரிசு மட்டுமல்ல, பந்தயக்காரரின் பங்கும் பெருகுகிறது.

அவன் வைத்திருக்கும் பத்து வருஷ விவரம் பந்தயக்காரரிடமும் இருக்கிறது. விலையை நிர்ணயிப்பதே அதை வைத்துத்தான். எந்த அணி ஜெயிக்கும் என்று தெரிந்தால் மட்டும் போதாது. விலை எங்கே தவறு என்று தெரிய வேண்டும். பென்டருக்கே அது புரிய முதல் பணம் கரைய வேண்டியிருந்தது.

தம்பி, எக்செல்லை அழிக்காதே. அடுத்த ஆறு மாத மேட்ச்களுக்கு உன் கணிப்பை முன்கூட்டியே நோட்டில் எழுதி வை. ஒரு பைசாவும் கட்டாதே. பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. சேர்ந்து திருத்துவோம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்