மரச்சிறகும் மழையின்மேற் பழியும்

தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகை ஈரத்தில் ஏடேடாய்ப் பிரிவதை அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் வளர்ந்தோர் பலர் கண்டிருப்பர். ஒட்டுப்பலகையும் பால்சா மரமும் பசையாற் பிணைத்து இயற்றப்பட்டதே, 1940 நவம்பர் 25இல் முதன்முதற் பறந்த ‘மொஸ்கிற்றோ’ விமானம்.

1944 அக்டோபரில் இந்தியாவில் அவ்வின விமானங்கள் சில சிறகொடிந்து வீழ்ந்தன. சிறகின் மேற்றோல் முதன்மை உத்திரத்தோடு கூடும் பொருத்திற் பிளவு காணப்பட்டது. வீட்டிற்கு வளை எவ்வாறோ, சிறகிற்கு இவ்வுத்திரம் அவ்வாறு. ஆராயச் சென்ற மேஜர் ஹெரவார்டு டி ஹாவிலண்டு, பெரும்பாலும் தட்பவெப்பத்தின் விளைவேயென்றார். ஈரம் புகாதிருக்கப் பொருத்து நெடுக ஒட்டுப்பலகைப் பட்டியொன்று பதிக்கப்பட்டது.

ஆயின், பருவமழையையே காணாது இங்கிலாந்தில் நின்ற விமானங்களிலும் அக்குறையே இருந்ததெனப் பின்னைய ஆய்வு காட்டிற்று. தொழிற்சாலையிற் பசையிட்ட முறையே செம்மையற்றது! மழை மறுத்துரையாதாகலின் முதலில் அதுவே குற்றவாளியாயிற்று போலும். பட்டி ஈரத்தைத் தடுக்கும். உள்ளே பற்றாத பசையைப் பற்றச் செய்யாது.

இன்று இல்லத்தில் மரவிமானம் இயற்றுவோர், உத்திரத்திற்குக் குழைத்த பசையிலேயே சிறு துண்டுகளையும் ஒட்டி, உலர்ந்தபின் முறித்துப் பார்ப்பர். மரம் முறியின் பசை நன்று. ஒட்டிய இடம் விடுபடின், அப்பசையால் ஒட்டியவற்றை நம்பிப் பறவார்.