ஆடுகள் குடியேறிய கிராமம்

ஒரு கிராமம் எப்படி அழிகிறது என்று கேட்டால் போர், வெள்ளம், கொள்ளை நோய் என்றுதான் உடனே சொல்வோம். இங்கிலாந்தின் யார்க்‌ஷியர் குன்றுப் பகுதியில் உள்ள வொரம் பெர்சியைப் பற்றியும் அப்படித்தான் பலர் நம்பினார்கள். 1348, 1349ஆம் ஆண்டுகளில் பரவிய பிளேக் நோய் அந்த ஊரைத் துடைத்துவிட்டதாம்!

இன்று அங்கே போனால் புல் மூடிய மேடுகளைத்தான் பார்க்கலாம். அந்த மேடுகளுக்கு அடியில் இருப்பவை பழைய வீடுகள். அருகே, கூரையில்லாமல் நிற்கிறது புனித மார்ட்டின் தேவாலயம். வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட்டும் 1950 முதல் 1990 வரை, கோடைதோறும் ஆட்களைத் திரட்டி இந்த ஊரைத் தோண்டினார்கள். நாற்பது ஆண்டுகள்! தெரிய வந்தது என்ன? பிளேக் வந்தது உண்மை. பலரைக் கொண்டு போனதும் உண்மை. ஆனால் அதன் பிறகும் சுமார் 150 ஆண்டுகள் அங்கே அடுப்பு எரிந்திருக்கிறது.

தேவாலயத்தின் சுவரே இதற்குச் சாட்சி. ஊர் பெருகிய காலத்தில், 12, 13ஆம் நூற்றாண்டுகளில், இருபுறமும் பக்கக்கூடங்களைச் சேர்த்துக் கட்டினார்கள். ஊர் சுருங்கியபோது அவற்றை இடித்துவிட்டு, நடுவிலிருந்த வளைவுகளைக் கல் வைத்து அடைத்தார்கள். அடைத்த தடம் இன்றும் தெரிகிறது. மக்கள்தொகைக் கணக்கேடு இல்லாத காலத்துக்கு இதைவிட நல்ல கணக்கேடு வேறு என்ன வேண்டும்?

கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 700 பேரின் எலும்புகள் கிடைத்தன. ஊருக்குள் ஒரு குழியில் கிடைத்த சில எலும்புகளோ வெட்டப்பட்டும் எரிக்கப்பட்டும் இருந்தன. செத்தவர் எழுந்து வந்துவிடுவாரோ என்ற பயத்தில் செய்திருக்கலாம் என்று 2017இல் ஆய்வாளர்கள் கூறினர். பேய்ப் பயம் நமக்கு மட்டும் சொந்தமில்லை!

சரி, ஊரை அழித்தது எது? கம்பளி. உழவு நிலத்தில் வரும் வாடகையைவிட ஆட்டுமந்தையில் வரும் லாபம் அதிகம். உழுவதற்குப் பல குடும்பங்கள் வேண்டும், மேய்ப்பதற்கு ஒருவனே போதும். பெர்சி பிரபுக்களுக்குப் பின் நிலம் ஹில்டன் குடும்பத்தின் கைக்கு வந்திருந்தது. 1500ஆம் ஆண்டையொட்டி, மிஞ்சியிருந்த குடிகளும் வெளியேற்றப்பட்டனர். 1517இல் அரசு நடத்திய விசாரணையின் பதிவில் நான்கு ஏர்கள் நிறுத்தப்பட்டன, நான்கு வீடுகள் பாழாக விடப்பட்டன என்று இருக்கிறது. ஒரு ஊரின் முடிவுக்கு அவ்வளவுதான் எழுத்து.

ஊர் போன பிறகும் தேவாலயம் மூடப்படவில்லை. பக்கத்துத் திக்சண்டேல் கிராமத்தார் பல கிலோமீட்டர் மேடேறி இறங்கி இங்கேதான் வழிபட வந்தார்கள். இறந்தவர்களையும் இங்கேதான் சுமந்து வந்தார்கள். 1870இல் அவர்களுக்கென்று தனித் தேவாலயம் எழும்பியதும் அந்த நடையும் நின்றது. 1959இல் கோபுரத்தின் ஒரு பாதி சரிந்து விழுந்தது. மறு பாதி இன்னும் நிற்கிறது.