துரைமாரின் ஓய்வும் மட்டக்களப்பு நாடும்

ஏகாதிபத்தியப் படையிற் சேவைபுரிய வந்த ஆங்கில அதிகாரிகளுக்கு இலங்கை போர்க்களமாக இருந்த காலம் சொற்பம். பொழுதுபோக்குக் களமாக இருந்த காலமே அதிகம். 1818இல் ஊவாக் கிளர்ச்சி இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டபின், கையில் துப்பாக்கியும் பையிற் சம்பளமும் நிறைய ஓய்வும் உடைய அதிகாரிக் கூட்டமொன்று இங்கே எஞ்சியது. 'அதிகாரி' என்று நாம் குறிப்பது காரணத்தோடுதான். இலங்கை ரைபிள் படையிற் பெருந்தொகையினராக இருந்தோர் மலாய்ச் சிப்பாய்கள். விடுப்பெடுத்து வேட்டையாடி, அதனை இலண்டனில் நூலாக அச்சேற்றிய மலாய்ச் சிப்பாய் ஒருவனையும் நாம் அறியோம்.

வேட்டைக்காரருள் தலையானவர் மேஜர் ரோஜர்ஸ். அவர் கொன்ற யானைகள் 1,400க்கு மேல் என்று எமர்சன் டெனன்ட் எழுதுகிறார். கப்டன் கால்வே அதிற் பாதிக்கு மேல். வீதிகள் அமைத்தவரென்று புகழப்படும் மேஜர் ஸ்கின்னரும் ஏறக்குறைய அவ்வளவே. ரோஜர்ஸ் 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். யானைகளின் சாபம் என்றனர் மலைநாட்டார். சாபத்தில் நமக்கு நம்பிக்கையில்லை. அவ்வாறு சொன்ன மக்களின் மனம் நமக்கு விளங்குகிறது.

பயிரைக் காக்கவே சுட்டோம் என்பது துரைமாரின் வாதம். அதில் உண்மையே இல்லையென நாம் சொல்லமாட்டோம். படுவான்கரையிற் காவற்பரணில் இரவெல்லாம் விழித்திருந்த முல்லைக்காரனுக்கு யானை எத்தகைய எமன் என்பதை மட்டக்களப்பில் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அரசாங்கமும் யானைக்குத் தலைவிலை வைத்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வடபகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கொடுக்கப்பட்டது. ஆயினும், பயிர் காப்பவன் வயலருகே காத்திருப்பான். துரையோ வயலை விட்டு, யானை வாழும் காட்டைத் தேடிப் போனார்.

பதுளைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே பரந்து கிடந்த புல்வெளிகளுக்கு அவர்கள் இட்ட பெயர் 'பார்க்'. மக்கள் சேனை வெட்டிய நிலம், தேனெடுத்த காடு, வேடர் தலைமுறை தலைமுறையாக நடந்த தடம், எல்லாம் பிரபுக்களின் பூங்காவாகிவிட்டன! சாமுவேல் பேக்கரும், ரைபிள் படையிற் சேர்ந்து வந்த அவர் தம்பி வலன்டைனும் அங்கே வேட்டையாடினர். 1854இல் வெளிவந்த பேக்கரின் நூலில் ஒவ்வொரு குண்டுக்கும் கணக்குண்டு. தடம் பார்த்தவனும் துப்பாக்கி சுமந்தவனும் பெயரில்லாமலோ, துரை வைத்த பெயரோடோ வந்து போகின்றனர். அதே நாட்டில், தோற்கயிற்றை மட்டும் நம்பி உயிருள்ள யானையின் காலிற் சுருக்கிட்டுப் பிடித்தவர்கள் ஏறாவூர்ப் பணிக்கர்கள். அவர்கள் தம் கதையைத் தாமே எழுதவில்லை.

வாவியின் பாட்டுக்கும் இதே கதிதான். டெனன்ட் படைவீரரல்லர், குடியேற்ற அரசின் செயலாளர். 1848இல் இரவு வேளையிற் படகிலேறிச் சென்று, அதன் மரத்திற் காதை வைத்து, நீரடியிலிருந்து எழும் ஓசையைக் கேட்டார். அது ஊரி எழுப்பும் ஒலி என்று அவருக்குச் சொன்னவர்கள் மீனவர்கள். அவரும் அதையே ஏற்கும் பாங்கில் எழுதினார். எனினும் உலகறிந்த பெயர் 'பாடும் மீன்' என்பதாயிற்று. ஓசை எதனுடையது என்ற வழக்கை விஞ்ஞானிகள் தீர்க்கட்டும். முதற் சாட்சி சொன்ன மீனவரின் பெயரைத்தான் நாம் தேடுகிறோம்.

ஒரு நூற்றாண்டு சென்றபின் வெள்ளையர் படை மீண்டும் இக்கடலுக்கு வந்தது. இம்முறை வந்தவர்களுட் பெரும்பாலோர் யானைவேட்டைப் பிரபுக்கள் அல்லர். கட்டளைக்குக் கட்டுப்பட்ட சாதாரண மாலுமிகள். ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், தன் போர்விமானங்களைக் கரையில் விட்டுவிட்டுத் திருகோணமலையிலிருந்து விலகிச் சென்றிருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் மட்டக்களப்புக்கு அப்பால் யப்பானிய விமானங்கள் அதைக் கண்டுபிடித்துத் தாக்கின. சிறிது நேரத்துள் கப்பல் மூழ்கிற்று. மாண்டவர் 307 பேர். 'வீற்றா' என்னும் மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரை நீரிலிருந்து தூக்கி எடுத்தது. வேட்டை நூல் எழுதும் ஓய்வு இந்த 307 பேருக்கும் வாய்க்கவில்லை.

அக்கப்பல் இன்றும் ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திற் கிடக்கிறது. அதைச் சுழியோடிப் பார்க்க வெளிநாட்டார் பணம் கொடுத்து வருகின்றனர். விடியுமுன் அவர்களைப் படகிலேற்றி அவ்விடத்துக்குக் கொண்டுசெல்பவர்கள் இக்கரையின் மீனவர்கள்.