சுழற்சியும் வேலையும்

மாணவனொருவன் சிறு மின்மோட்டரின் அச்சிலே நேராக நூலைச் சுற்றிப் பாரமொன்றைத் தூக்க முயல்கின்றான். பாரம் எழவில்லை, மோட்டர் நின்று சூடேறுகின்றது. மோட்டர் வலுவற்றதென அவன் துணிகின்றான். தொழினுட்ப வகுப்பில் நாம் அடிக்கடி காணும் இக்காட்சி வரலாற்றிற்குப் புதிதன்று. மோட்டர் தருவது சுழற்சி. நாம் வேண்டுவது வேலை. ஒன்றை மற்றொன்றாக்குவதே பொறியமைப்போன் கடன். மோட்டரின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

1820 இல் கோப்பன்கேகன் நகரிலே ஏர்ஸ்டெட் என்பார், மின்னோட்டம் காந்தவூசியைத் திருப்புதலைக் கண்டார். மறுவாண்டு இலண்டனில் மைக்கேல் பரடே, இரசத்தில் முனை தோய்ந்த கம்பியொன்றைக் காந்தத்தைச் சுற்றி இடையறாது சுழலச் செய்தார். அக்கம்பி எதனையும் இழுக்கவில்லை; எதனையும் அரைக்கவில்லை. எனினும் மின்னாற் சுழற்சி பெறலாம் என்பது நிலைநாட்டப்பட்டது.

அச்சுழற்சியை வேலைக்கு ஆக்க முயன்றோர் பலர். அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்துக் கொல்லரான தோமஸ் டவன்போட் 1837 இல் தம் மோட்டருக்குக் காப்புரிமை பெற்றார். 1840 இல் அதனைக்கொண்டு அச்சியந்திரம் ஓட்டினார். 1838 இல் யாக்கோபி என்பார் இரசியாவின் நீவா ஆற்றிலே மோட்டராற் படகு செலுத்தினார். ஆயினும் மின்கலத்தில் அழியும் துத்தநாகத்திற்கான செலவு, நீராவிப்பொறி எரிக்கும் நிலக்கரிச் செலவினும் மிகுந்தது. ஆதலின் இவை காட்சிப் பொருள்களாகவே நின்றன. மின்பிறப்பாக்கி செம்மையுற்ற பின்னரே இக்குறை நீங்கிற்று. 1873 இல் வியன்னாக் கண்காட்சியிலே கிராம் என்பார் அமைத்த மின்பிறப்பாக்கியொன்று, அவ்வகையான மற்றொன்றை மோட்டராகச் சுழற்றி நீர்ப்பம்பியை இயக்கிற்று.

மின்னோட்டம் கிடைத்ததும் இடர் யாவும் தீர்ந்தனவோ? தீர்ந்தில. 1887 இல் பிராங்க் ஸ்பிரேக் என்னும் பொறியியலாளர், அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரிலே தம் மின்வண்டியைச் செங்குத்தான தெருவொன்றில் இரவிலே செலுத்திப் பார்த்தார். வண்டி ஏறிற்று, ஆனால் மோட்டர் சூடேறிப் பழுதுற்றது. கூடியிருந்தோர் கலையும்வரை, கருவிகள் வரவேண்டும் எனக் கூறி அவர் காத்திருந்தார். வந்தவையோ நான்கு கோவேறு கழுதைகள்! மோட்டருக்கும் வண்டிச் சில்லுக்குமிடையே ஒருபடிப் பற்சில்லு அமைப்பு மட்டும் இருந்தமை போதாதென அவர் உணர்ந்தார். இருபடி அமைப்பை மேற்கொண்டார். 1888 பெப்ரவரியில் அந்நகரின் மின்வண்டிச் சேவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

இதன் நுட்பம் எளிது. 10 பற்களையுடைய சில்லு 40 பற்களையுடைய சில்லை ஓட்டுமாயின், வேகம் நாலிலொன்றாகக் குறையும். சுழற்றும் ஆற்றல், உராய்வால் இழப்பது நீங்கலாக, நான்கு மடங்காகும். அத்தகைய இணை இரண்டைத் தொடர்ந்து அமைப்பின் வேகம் பதினாறிலொன்றாகும். ஆற்றல் ஏறத்தாழப் பதினாறு மடங்காகும். மோட்டரை மாற்றாமலே, வேகத்தைக் கொடுத்து வலிமையை வாங்குகின்றோம்.

ஆதலின் மாணவன் முதலில் வினவவேண்டியது, என்ன மோட்டர் உளது என்பதன்று. எப்பாரம் அசையவேண்டும்? எவ்வேகத்தில்? சுழலவேண்டுமா, முன்னும் பின்னும் செல்லவேண்டுமா? இவற்றிற்கு விடை கண்டபின் சில்லுகளையும் நெம்புகளையும் வரைதல் வேண்டும். மோட்டரைத் தெரிவது இறுதியிலே. நின்றுபோன மோட்டரைக் கண்டு மனந்தளரும் மாணவனுக்கு, ரிச்மண்ட் நகரில் நின்ற வண்டியின் கதையைச் சொல்லுவோம். அவன் தோல்வியுற்றிலன், பற்களை எண்ணத் தொடங்கவேண்டிய இடத்தை அடைந்துள்ளான்.