ஒரு மணி நேர தரிசனம்

மலைக் கொரில்லாக்களைச் சுட்டு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனவர் அமெரிக்கரான கார்ல் ஏக்லி. பிறகு அவரே அவற்றின் பாதுகாப்புக்காக வாதாடினார். அதன் பலனாக 1925-இல் பெல்ஜியர் ஆண்ட காங்கோவில் ஆல்பர்ட் தேசியப் பூங்கா பிறந்தது. மறு ஆண்டே அவர் இறந்து, மிகேனோ மலைச்சரிவில் அடக்கமானார்.

எல்லைக்கு அப்பால் ருவாண்டாவில், 1979 வாக்கில் கொரில்லாக்களைப் பார்க்க வழிகாட்டியோடு மலையேற்றம் தொடங்கியது. உயிரோடு இருக்கும் கொரில்லாவே ஊருக்குச் சோறு போடும் என்ற சரியான கணக்கு அது.

வெட்டுக்கத்தியோடு ஒருவர் மூங்கிலை விலக்கி முன்னே நடப்பார். காஞ்சொறி முழங்காலைப் பதம் பார்க்கும். மிதிபட்ட செடி, முந்தைய இரவுக் கூடு, அதிலுள்ள சாணம்: இவற்றைப் பார்த்தே கொரில்லாக் கூட்டம் போன திசையை வழிகாட்டிகள் சொல்லிவிடுவார்கள். ஒரு கூட்டத்தைப் பார்க்க எட்டுப் பேர், ஒரே மணி நேரம். சளி பிடித்தவர் கிட்டே போகக்கூடாது. நம் சளி அவற்றுக்கு எமன்.

1980-களின் தொடக்கத்தில் இந்த எல்லைப் பகுதியின் விருங்கா மலைகளில் சுமார் 250 கொரில்லாக்களே இருந்தன. 2018-இல் வெளியான கணக்கெடுப்பில் 604.